ஏற்பிகளைச் சுழற்றிப் பார்க்க ஓர் இணையத்தளம்: புரோட்டீன் டேட்டா பேங்க்

செல் ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கிச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பூட்டையும் சாவியையும் கரும்பலகையில் வரைந்து காட்டிவந்தவன் நான். அந்தப் படம் எவ்வளவு அரைகுறை என்பதைப் புரோட்டீன் டேட்டா பேங்க் என்னும் இணையத்தளத்தில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்ட பிறகே உணர்ந்தேன். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 7 புரத வடிவங்களோடு தொடங்கிய இந்தச் சேமிப்பகத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. கட்டணமும் இல்லை, பெயர் பதிவும் தேவையில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் கோபில்காவும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட பீட்டா-2 ஏற்பியிலிருந்து தொடங்குவது நல்லது. அட்ரீனலினை உணரும் ஏற்பி இது. 2ஆர்எச்1 (2RH1) என்ற குறியீட்டைத் தேடினால், செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் சுருள்கள் வண்ணத்தில் எழுகின்றன. அவற்றின் நடுவே கராசோலால் என்ற மருந்து மூலக்கூறு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் ஜி-புரதத்தோடு சேர்ந்த நிலையில் 2011இல் வெளியான 3எஸ்என்6 (3SN6) வடிவத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து அமரும் வெளிப்புறக் குழியில் மாற்றம் மிகச் சிறிதாகவே தெரிய, செல்லின் உட்புறத்தில் ஆறாவது சுருளின் முனை சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே நகர்ந்து, ஜி-புரதம் நுழைய இடம் விட்டு நிற்கிறது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இந்த நகர்வைத்தான் என் பூட்டும் சாவியும் இத்தனை நாள் மறைத்துவந்தன. 2012ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ராபர்ட் லெஃப்கோவிட்சும் கோபில்காவும் பகிர்ந்துகொண்டது இத்தகைய ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுகளுக்காகவே.

புதியவர்கள் தடுமாறும் இடமும் இதே 2ஆர்எச்1தான். ஏற்பியின் அடியில் உருண்டையாக ஒரு பகுதி தொங்கும். அதையும் ஏற்பியின் உறுப்பு என்றே என் மாணவர்கள் குறிப்பேட்டில் வரைந்துவிட்டார்கள். உண்மையில் அது பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் லைசோசைம் என்ற நொதி. வடிவத்தைக் கண்டறியப் புரதத்தைப் படிகமாக்க வேண்டும்; அதற்கு உதவும் என்று ஏற்பியின் ஒரு வளையத்தை நீக்கிவிட்டு ஆய்வாளர்கள் அங்கே ஒட்டவைத்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுசென்றால் அமினோ அமில எண் 1000ஐத் தாண்டி ஓடுவதைக் கொண்டு அடையாளம் காணலாம். செல் சவ்வும் முதற்பார்வையில் தெரிவதில்லை என்பதால், ஏற்பி வெறும் வெளியில் மிதப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. இத்தளம் காட்டுவது ஆய்வகத்தில் கிடைத்த வடிவத்தையே என்ற நினைவோடுதான் இதைப் பயன்படுத்த வேண்டும்.

உடலின் நோயெதிர்ப்புச் செல்களைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபி சிகிச்சையைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கும் இத்தளத்தை விடச் சிறந்த கரும்பலகை எனக்குத் தெரியவில்லை. ஜப்பானிய ஆய்வாளர் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992இல் கண்டறிந்த பிடி-1 என்ற ஏற்பி, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடை (பிரேக்) போன்றது. பிடி-எல்1 என்ற புரதத்தைக் கொண்டு புற்றுநோய்ச் செல்கள் அந்தத் தடையை அழுத்தும் நிலையை 4இசட்கியூகே (4ZQK) என்ற வடிவத்திலும், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அதே ஏற்பியைப் பற்றியிருக்கும் நிலையை 5ஜிஜிஎஸ் (5GGS) என்ற வடிவத்திலும் காணலாம். தளத்திலேயே உள்ள ஒப்பீட்டு வசதியால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், பிடி-எல்1 வந்து சேர வேண்டிய இடத்தை மருந்து முன்பே அடைத்துக்கொண்டிருப்பது கண்ணெதிரே தெரிகிறது. நரம்பு மண்டலத்தின் சமிக்ஞையை வாங்கும் பீட்டா-2 ஏற்பி டி செல்களின் மேலும் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொன்னால், நரம்பியலையும் நோயெதிர்ப்பியலையும் தனித்தனிப் பாடங்களாகவே படித்த மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தளம் முழுவதும் ஆங்கிலம். கைப்பேசியின் சிறு திரையில் சுருள்களைப் பிரித்தறிவது கடினம், மடிக்கணினியே ஏற்றது. டேவிட் குட்செல் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய, மாதம் ஒரு மூலக்கூறை அறிமுகப்படுத்தும் பகுதியைப் படங்களுக்காகவே பார்க்கலாம். வகுப்புக்குப் போகுமுன் வேண்டிய கோப்புகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட அவை வருவதில்லை.