ஒரே குரூஸ் கம்பெனியில் பல வருடம்: சாயங்கால ரவுண்டை நிறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை

மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் அப்பா அம்மாவை சிங்கப்பூரிலிருந்து குரூஸில் அனுப்பிவைக்கலாம் என்று பார்க்கிறார். "நீங்கதான் எப்பவும் அந்த ஒரே கம்பெனியில போறீங்களே, பெரியவங்களுக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அதே வாரம் அந்தக் கம்பெனியிடமிருந்து பால்கனி அறைக்கு விலை குறைத்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. "நல்லா இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி ஃபோனை வைக்க மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கோபப்படும் விஷயம், அறையைக் கவனிப்பவர் சாயங்காலம் இரண்டாம் தடவை வருவதை நிறுத்தியது. அதைப் பெரிய கம்பெனிகள் பலவும் செய்திருக்கின்றன, ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துத் திட்டுவது நியாயமில்லை.

நாங்கள் சிங்கப்பூர்வாசிகள். மரினா பே குரூஸ் சென்டரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று நான்கு இரவுப் பயணங்கள்தான் பெரும்பாலும். அம்மாவும் கூட வருவார். ஷோ, நீச்சல் குளம், சறுக்கு பற்றியெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை போகிறவர்கள் கப்பலைப் பார்த்துத்தான் கம்பெனிக்கு மார்க் போடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: கப்பலின் மொத்த டன்னேஜை, அறைக்கு இரண்டு பேர் என்று வைத்து வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுப்பது. இந்த டன்னேஜ் கப்பலின் எடை அல்ல, உள்ளே இருக்கும் மூடிய இடத்தின் அளவு. அதனால் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் 2,48,663 டன், பயணிகள் 5,610 பேர். வகுத்தால் 44. குயின் மேரி 2 அதைவிட எவ்வளவோ சிறியது, 1,49,215 டன்தான். ஆனால் ஏற்றுவது 2,691 பேர், அதனால் 55 வருகிறது. பெரிய கப்பல் என்றால் தாராளமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதிலும் ஒரு விஷயம். அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்பிவிட்டால் கணக்கு மாறிவிடும். ஐகானில் எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பேர், அந்த 44 அப்படியே 33-க்கு இறங்கிவிடும். சிங்கப்பூரில் ஜூன் மாதமும் வருடக் கடைசியும் பள்ளி விடுமுறை. அப்போது பெரும்பாலான அறைகளில் குழந்தைகளும் இருப்பார்கள். அதே கப்பல், அதே ஊர், அதே சாப்பாடு, ஆனால் லிஃப்டுக்கும் பஃபேக்கும் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். அந்த நேரத்தில் போய்விட்டு வந்து கம்பெனி மோசம் என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கிறேன். நண்பருக்கு முதலில் சொன்னதே இதுதான்: பெரியவர்களைப் பள்ளி விடுமுறையில் அனுப்பாதீர்கள்.

இன்னொரு கணக்கு, எத்தனை பயணிக்கு ஒரு பணியாளர் என்பது. ஐகானில் சுமார் 2,350 பணியாளர்கள், அதாவது ஒருவருக்கு இரண்டரைப் பயணிக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணில் எஞ்சின் ரூம், சமையலறை, சலவை, மேடைக் கலைஞர்கள், கசினோ எல்லோரும் அடக்கம். உங்கள் அறைக்கு வருகிறவர் எத்தனை அறைகளைப் பார்க்கிறார் என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது. எனக்கு அந்த ஓர் எண் போதும், கம்பெனியைப் பற்றி மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் எங்கள் அறைக்கு ஸ்டூவர்ட், அதாவது அறையைக் கவனிக்கும் பணியாளர், காலையும் மாலையும் வருவார். காலையில் பெருக்கித் துடைத்துப் படுக்கை போடுவார். சாயங்காலம் நாங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து வந்து, ஈரத் துண்டுகளை எடுத்து, படுக்கையை விரித்து, ஐஸ் வாளியை நிரப்பி, மறுநாள் நிகழ்ச்சித் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். துண்டில் யானையும் குரங்கும் செய்துவைப்பது குழந்தைகளுக்கு. எங்களுக்கு அந்த ஐஸ்தான் முக்கியம்.

அம்மாவுக்கு இன்சுலின். போட்டுக்கொண்டிருக்கும் ஊசிப் பேனா வெளியில் இருக்கலாம், பிரிக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறையில் ஃப்ரிட்ஜ் என்று ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதில் ஜூஸ் பாட்டில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். கையை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரியும், மருந்து வைக்க அது ஆகாது. ஒரு பயணத்தில் பாலியைச் சேர்ந்த ஓர் இளைஞர் எங்கள் பக்கத்து அறைகளைப் பார்த்துக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் ஐஸ் வைக்க வந்தவர் அம்மாவின் மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன். வாளியில் பாதி ஐஸ் போட்டு, அதன்மேல் கைத்துண்டை நான்காக மடித்து விரித்து, பையை அதன்மேல் வைத்து, இன்னொரு துண்டால் மூடினார். ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் இன்சுலின் வீண் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அவர் பாட்டிக்கும் சர்க்கரையாம். இறங்கும் நாள்வரை காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, நாங்கள் கேட்காமலே அந்தத் துண்டு காய்ந்ததாக மாறியிருக்கும். அம்மா அந்தக் கம்பெனிக்கு அன்றைக்கே விசிறி ஆகிவிட்டார், நானும்தான்.

2020 நவம்பரில் சிங்கப்பூரில் எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றித் திரும்பும் பயணங்களை ஆரம்பித்தார்கள். பாதி ஆட்களைத்தான் ஏற்ற அனுமதி. அந்தக் காலத்தில் போனவர்களைக் கேட்டுப்பாருங்கள், கப்பல் என்றால் அதுதான் என்பார்கள். லிஃப்ட் கூப்பிட்டதும் வரும், சாப்பாட்டு மேஜையில் பரிமாறுபவர் நின்று பேசுவார். முகக்கவசம், இடைவெளி என்று ஆயிரம் கட்டுப்பாடு இருந்தும் கவனிப்பில் குறையே இல்லை. ஆள் இருந்தால் கவனிப்பு இருக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்புறம் கப்பல்கள் முழுசாக ஓடத் தொடங்கியபோது பல கம்பெனிகளும் அறைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் வருவது என்று மாற்றின. விலை கூடிய சூட் அறைகளுக்கு இரண்டு தடவை, மற்றவர்களுக்குக் காலையா மாலையா என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனியும் அப்படியே. முதல் நாளே அறை வாசலில் நின்று ஸ்டூவர்ட் அதைச் சொன்ன விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் முடிவு அல்ல அது, ஆனால் அவர்தான் கூச்சப்பட்டார். காலை என்று சொன்னோம். காலையில் வைத்த ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீர். சாயங்காலம் ரிசப்ஷனுக்கு ஃபோன் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்து வேறு யாரோ ஒருவர் ஐஸைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு ஓடினார். அவருக்கு எத்தனை வாசல் பாக்கியோ.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், மருந்துக்கென்று தனி ஃப்ரிட்ஜ் கேட்கலாம். பயணத்துக்கு முன்பே சிறப்புத் தேவைப் படிவம் நிரப்பி அனுப்பினால் நாம் ஏறும்போது அறையில் இருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறோம், ஒரு தடவையும் தவறியதில்லை. ஆக மருந்துப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. என் கோபம் தீரவில்லை. ஏனென்றால் அந்த மாற்றத்தோடு டிப்ஸ் குறையவில்லை, கூடியது.

இதைப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட் விலைக்குமேல், தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நாளுக்கும் டிப்ஸாக ஒரு தொகை தானாகக் கணக்கில் ஏறும். குழந்தைக்கும் உண்டு. ரிசப்ஷனில் போய்ச் சொன்னால் பல கம்பெனிகளில் எடுத்துவிடுவார்கள், கடைசி இரவு அதற்கென்றே ஒரு வரிசை நிற்கும். தயவுசெய்து அந்த வரிசையில் நிற்காதீர்கள். ஆறு ஏழு மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை என்று ஒன்றே இல்லாமல் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். உலகக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம். அதாவது ஒரு வாரத்தில் மீதி 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டப்படி குற்றமில்லை. சாயங்கால ரவுண்டை நிறுத்தியதால் அவர்களுக்கு ஓய்வு கூடியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் கேட்ட ஸ்டூவர்ட்கள் எல்லோரும் சொன்னது, ஒருவருக்கு அறைகள்தான் கூடியிருக்கின்றன என்று. நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம், அவர்கள் கூடுதலாக உழைக்கிறார்கள், நமக்குக் கிடைப்பது குறைகிறது. நடுவில் இருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கிறது. பஃபே வாசலிலேயே சோப்போடு வரிசையாகக் கை கழுவும் தொட்டிகள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு, கழுவாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். கப்பலில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸ் கைக்குச் சானிடைசர் ஸ்ப்ரே அடித்தால் சரியாகச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஸ்ப்ரே பாட்டில் மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கும் கப்பலைவிட இது பல மடங்கு மேல். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சோதித்து 100-க்கு மார்க் போடும். 85-ம் அதற்குக் கீழும் ஃபெயில். முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. ஆசியாவில் மட்டும் ஓடும் கப்பலுக்கு அந்த மார்க் கிடையாது, அதனால் நான் இந்த வாசலைத்தான் பார்ப்பேன்.

சாப்பாடும் அப்படியே. பெரிய டைனிங் ஹாலில் முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் இந்திய சைவம் என்று சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து மெனுவில் இல்லாததும் வரும். அம்மாவுக்குத் தயிர் சாதம் வந்தது, தாளித்து வந்தது. பஃபேயில் இருக்கும் பனீரை மட்டும் சாப்பிட்டுவிட்டு இந்தியச் சாப்பாடு சரியில்லை என்று சொல்பவர்கள் இதைக் கேட்டதே இல்லை.

ஒரு தடவை புக்கெட்டில் இறங்கவே முடியவில்லை. பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில்தான் கரைக்கு அழைத்துப்போவார்கள், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் அலை தூக்கும். கேப்டன் தானே ஒலிபெருக்கியில் வந்து, படகு மேடை எவ்வளவு ஏறி இறங்குகிறது, வயதானவர்கள் கால் வைக்கும்போது என்ன ஆகும் என்று விளக்கமாகச் சொல்லி ரத்து செய்தார். துறைமுகக் கட்டணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். ரிசப்ஷனில் சிலர் கத்தினார்கள். எனக்கு அந்தக் கேப்டன்மேல் மரியாதைதான் கூடியது. ஊரைத் தவறவிட்டதற்காகக் கம்பெனிக்கு மார்க் குறைப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதைச் சொன்ன விதத்துக்கு மார்க் போட வேண்டும், இவர்களுக்கு முழு மார்க்.

நண்பருக்கு என் பதில்: அப்பா அம்மாவை இதே கம்பெனியில் அனுப்புங்கள். நடுக்கப்பலில், கீழ் டெக்கில் அறை எடுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். லிஃப்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், ராத்திரி பேச்சுச் சத்தம் கேட்கும். மருந்து ஃப்ரிட்ஜுக்கு முன்பே எழுதிவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும்படி இருக்கிறதா என்று பாருங்கள், கப்பல் திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டும். டிப்ஸை எடுக்கச் சொல்லாதீர்கள். அறைக்கு வருகிறவர் கையில் தனியாகவும் கொஞ்சம் கொடுங்கள், முதல் நாளே.

நான் அந்தக் கம்பெனியில் போகப்போவதில்லை. விலைக் குறைப்பு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பால்கனி அறை எனக்கு வேண்டாம், சாயங்கால ரவுண்டு எல்லா அறைகளுக்கும் எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. இந்த டிசம்பருக்கு அப்புறம் வரும் பயணத்துக்கு இன்னொரு கம்பெனியின் சின்னக் கப்பலில், கொஞ்சம் கூடுதல் விலையில், ஜன்னல் மட்டும் இருக்கும் அறை போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் ஏஜென்ட்டிடம் கேட்ட ஒரே கேள்வி, அறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருவார்கள் என்பது. இரண்டு தடவை என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.