அப்பாச்சியின் மாட்யூல்கள்: எண் பொருந்துகிறது, திரெட் பொருந்துகிறதா?

புதிய உபுண்டு சர்வரில் மாட்-பிஹெச்பியை (பிஹெச்பி மொழியை அப்பாச்சி வலை சர்வருக்குள்ளேயே ஓட்டும் மாட்யூல், அதாவது அதனுள் செருகப்படும் நிரல் பகுதி) நிறுவிய நண்பர் ஒருவர், அதுவரை ஈவென்ட் எம்பிஎம்மில் ஓடிக்கொண்டிருந்த அப்பாச்சி தம்மைக் கேட்காமலேயே ப்ரீஃபோர்க்குக்கு மாறிவிட்டதே, இது பழுதா என்று கேட்டிருந்தார். பழுதில்லை. எம்பிஎம் என்பது, வரும் கோரிக்கைகளை அப்பாச்சி எப்படிப் பங்கிட்டுக் கவனிக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பகுதி. ப்ரீஃபோர்க்கில் ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும்; ஈவென்ட்டில் ஒரு புராசஸுக்குள்ளேயே பல திரெட்கள், அதாவது இணையாக ஓடும் இழைகள், வேலை செய்யும். அந்த பேக்கேஜில் வருகிற பிஹெச்பி, திரெட் பாதுகாப்பு (பல திரெட்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் தரவு குழம்பாத தன்மை) இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டது என்பதால், நிறுவும்போதே அது எம்பிஎம்மை மாற்றிவிடுகிறது. இவ்வளவுதான் பதில். ஆனால் அப்பாச்சி 2.2 காலத்திலிருந்து இந்தச் சேர்க்கையோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில், இந்த இரண்டு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். மாட்யூல் பொருத்தம் என்ற விஷயத்தில் அப்பாச்சி காட்டும் ஒழுங்கை வேறு எந்த சர்வர் மென்பொருளிலும் நான் கண்டதில்லை. ஒவ்வொரு மாட்யூலும் கம்பைல் ஆகும்போது, ‘மாட்யூல் மேஜிக் நம்பர்’ என்ற எண் அதனுள் பதிந்துவிடுகிறது. 2.2 வரிசைக்கு அது 20051115, 2.4 வரிசைக்கு 20120211. ஏற்றும்போது இந்த எண் ஒத்துப்போகாவிட்டால், இன்ன எண் இருக்கிறது, இன்ன எண் வேண்டும் என்று சொல்லி அப்பாச்சி கிளம்பவே மறுத்துவிடும். இதற்கும் முன்னதாக ஒரு கையொப்பச் சோதனை உண்டு. அந்த நான்கு பைட்டுகளை எழுத்துகளாகப் படித்தால் ‘ஏ, பி, 2, 4’ என்று வரும் என்பது, பிழைச் செய்தியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நள்ளிரவில் கிடைக்கக்கூடிய சிறிய மகிழ்ச்சி. 2012-இல் 2.4 வெளிவந்ததிலிருந்து இந்த முதன்மை எண் மாறவே இல்லை. 2.2-இலிருந்து 2.4-க்கு வந்தபோது, இணைப்பு பற்றிய கட்டமைப்பில் ‘ரிமோட் ஐபி’ என்றிருந்த உறுப்பு ‘கிளையன்ட் ஐபி’ ஆனது போன்ற மாற்றங்களால் மூல நிரலிலேயே கை வைக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு, பதிப்பை உயர்த்தியதால் என்னுடைய சொந்த மாட்யூல் ஒன்றுகூட ஏற மறுத்ததில்லை.

இத்தனை கறாரான வாயிற்காவலர், உள்ளே வருகிறவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் தீராத எரிச்சல். அப்பாச்சியின் கட்டளையைப் பெரிய ‘வி’ விருப்பத்துடன் இயக்கிப் பாருங்கள். மேஜிக் நம்பரைச் சொல்லும் அதே திரையில், எந்த எம்பிஎம், அது திரெட்களைப் பயன்படுத்துகிறதா என்பதும் வரும். சர்வருக்குத் தன்னைப் பற்றி இரண்டும் தெரியும். மாட்யூலிடம் ஒன்றைத்தான் விசாரிக்கிறது. “நீ திரெட்களுக்கு ஏற்றவனா?” என்று கேட்பதற்கான இடமே அந்த ஏற்பாட்டில் இல்லை. பிஹெச்பி மாட்யூல் தானாக முன்வந்து எம்பிஎம்மை விசாரித்து, தனக்கு ஒத்துவராது என்றால் தொடங்க மறுத்து, பிஹெச்பியை மறுபடி கம்பைல் செய்யச் சொல்கிறதே, அது அந்த மாட்யூலை எழுதியவர்களின் பெருந்தன்மை. அப்பாச்சியின் சட்டம் அல்ல.

பெருந்தன்மை இல்லாத மாட்யூல் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில், மூல நிரலைத் தராத ஒரு நிறுவனத்தின் உள்நுழைவு மாட்யூலை நிறுவ நேர்ந்தது. ‘2.4-க்கு இணக்கமானது’ என்று விவரக்குறிப்பு சொன்னது, எண் பொருந்தியது, சோதனைச் சூழலில் ஒரு குறையும் இல்லை. கூட்டம் சேர்ந்த வேளையில், ஒருவருடைய கோரிக்கையின் பதிவில் மற்றொருவருடைய பயனர் பெயர் தென்படத் தொடங்கியது. அறிகுறியைப் பார்த்தால், பெயரை வைத்துக்கொள்ள ஒரே ஒரு ஸ்டாட்டிக் பஃபரை (நினைவகத்தில் நிலையான ஓர் இடத்தை) எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. ப்ரீஃபோர்க்கில் ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிப்பதால், அப்படிப்பட்ட நிரல் காலமெல்லாம் நல்லபிள்ளையாகவே இருந்துவிடும். ஈவென்ட்டில் இயல்பு அமைப்பின்படி ஒரு புராசஸுக்குள் 25 திரெட்கள் அதே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நிறுவனத்தைக் கேட்டபோது, ப்ரீஃபோர்க்கில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை விவரக்குறிப்பிலேயே எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நியாயமாகப் பார்த்தால், கேள்வியைக் கேட்டாலும் நேர்மையாகப் பதில் சொல்வது எளிதல்ல. மாட்யூலின் நிரல் சுத்தமாக இருந்தாலும், அது அழைக்கும் லைப்ரரி சுத்தமாக இருக்க வேண்டும். அந்த லைப்ரரி அழைக்கும் லைப்ரரியும் அப்படியே. அப்பாச்சியின் ஆவணங்களில் மாட்யூல் எழுதுகிறவர்களுக்காகத் திரெட் பாதுகாப்பு பற்றி ஒரு பக்கம் உண்டு. எந்த லைப்ரரி பாதுகாப்பானது என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. சிலவற்றுக்கு ஆம், சிலவற்றுக்கு இல்லை, பலவற்றுக்கு வெறும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்ட ஆவணங்கள் அரிது. அதே அட்டவணையில், ஐமேப் அஞ்சலுக்கான சி-கிளையன்ட் லைப்ரரி திரெட்களுக்கு ஏற்றதல்லாத பழைய சி செயற்கூறுகளைப் பயன்படுத்துவதாகக் குறிப்பு இருக்கிறது. அதை நம்பியிருந்த ஐமேப் நீட்சி, 2024-இல் வந்த பிஹெச்பி 8.4-இல்தான் மையத் தொகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது.

லைப்ரரியையும் விட்டுவிடுவோம், மொழியின் சொந்தச் செயற்கூறுகளிலேயே பொறி இருக்கிறது. லொக்கேல் (எண், தேதி போன்றவற்றை எந்த நாட்டு வழக்கப்படி எழுதுவது என்ற அமைப்பு) என்பது புராசஸுக்கு உரியது, திரெட்டுக்கு உரியது அல்ல என்று பிஹெச்பி கையேடு எச்சரிக்கிறது. ஒரு கோரிக்கை ஜெர்மன் லொக்கேலை அமைத்தால், பக்கத்துத் திரெட்டில் விலைப்பட்டியல் அச்சிடும் கோரிக்கையில் தசமப் புள்ளி காற்புள்ளியாகிவிடக்கூடும். எண்ணைச் சரமாக்குவது லொக்கேலைச் சார்ந்திருந்ததைப் பிஹெச்பி 8.0 நீக்கியதால் இந்தத் தொல்லை குறைந்தது. லொக்கேலைச் சார்ந்த மற்ற செயற்கூறுகள் அப்படியே இருக்கின்றன.

இந்த வம்பே வேண்டாம் என்று ப்ரீஃபோர்க்கில் இருந்துவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. ஒரு சிறிய படத்தை அனுப்பும் புராசஸ்கூட முழு பிஹெச்பியையும் சுமந்துகொண்டு நிற்கும். ஒரு கோரிக்கை முடிந்தும் மூடாமல் வைத்திருக்கும் கீப்-அலைவ் இணைப்பில் உலாவி அடுத்த கோரிக்கையை அனுப்புகிறதா என்று இயல்பாக 5 வினாடி காத்திருக்கும்போதும் அந்தப் புராசஸ் சும்மா கட்டிப்போடப்பட்டிருக்கும். ஈவென்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தனி திரெட் ஒன்று ஏற்றுக்கொள்வதால் மற்றவை விடுபடுகின்றன. 2017-இல் வந்த 2.4.27 முதல் ப்ரீஃபோர்க்கில் வலை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான ஹெச்டிடிபி/2 கிடைப்பதே இல்லை.

ஆகவே என் சர்வர்களில் அப்பாச்சியை ஈவென்ட்டில் விட்டு, பிஹெச்பியை எஃப்பிஎம் (அப்பாச்சிக்கு வெளியே பிஹெச்பி புராசஸ்களை நிர்வகிக்கும் சேவை) வழியாகத் தனிப் புராசஸ்களில் ஓட்டுகிறேன். 5.3.3 முதலே பிஹெச்பியுடன் சேர்ந்து வரும் ஏற்பாடு இது. திரெட் பாதுகாப்பு என்ற கேள்வியை இது தீர்க்கவில்லை; கேட்க வேண்டிய தேவையை நீக்கிவிடுகிறது. பிஹெச்பி செத்தாலும் அப்பாச்சி சாவதில்லை, நினைவகக் கணக்கும் கைக்குள் நிற்கிறது. எரிச்சலூட்டும் சில்லறை விஷயங்கள் உண்டு: ஹெச்டிஅக்சஸ் கோப்பில் (தளத்தின் கோப்புறையிலேயே வைக்கும் அப்பாச்சி அமைப்புக் கோப்பு) ‘பிஹெச்பி வேல்யூ’ என்று எழுதியிருந்த பழைய தளங்களெல்லாம் 500 பிழையைக் காட்டும், அதற்கு மாற்றாகிய யூசர்-ஐஎன்ஐ கோப்பை மாற்றினால், இயல்பாக 300 வினாடி வரை பழைய மதிப்பே நீடிக்கும்.

திரெட் பாதுகாப்பு என்ற பேய் ஒழிந்தது என்று நினைத்தால், ஃபிராங்கன்பிஹெச்பி வந்து அதைத் திரும்ப அழைத்திருக்கிறது. கேடி என்ற மற்றொரு வலை சர்வருக்குள் பிஹெச்பியைத் திரெட்களில் ஓட்டும் அதற்கு, திரெட் பாதுகாப்புடன் கம்பைல் ஆன பிஹெச்பிதான் வேண்டும். எந்த நீட்சி ஒத்துவரும், எது வராது என்ற பட்டியலை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறோம். ஐமேப் இதிலும் ஒத்துவராத வரிசையில்தான் இருக்கிறது.

ஈவென்ட்டையும் எஃப்பிஎம்மையும் இவ்வளவு புகழ்ந்தவன் நண்பருக்கும் அதையே சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லவில்லை. அவருடைய தளம் சிறியது, அதன் ஹெச்டிஅக்சஸ் கோப்புகள் முழுக்க பிஹெச்பி அமைப்புகள், அதோடு எங்கிருந்தோ வாங்கிய இரண்டு மூடிய மாட்யூல்களும் இருக்கின்றன. அந்த மாட்யூல்கள் எந்த எம்பிஎம்மில் சோதிக்கப்பட்டவை என்பதை விற்றவர்கள் எழுத்தில் தரும்வரை ப்ரீஃபோர்க்கிலேயே இருங்கள் என்று எழுதிவிட்டேன். ஹெச்டிடிபி/2 அவசியம் என்றால், முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை (கோரிக்கைகளை முதலில் வாங்கி அப்பாச்சிக்கு அனுப்பும் இடைநிலை சர்வரை) நிறுத்திக்கொள்ளட்டும்.