சவர்க்கார நுரையா, ஸ்கேனரா? எயார் சஸ்பென்சன் பழுதை எதைக் கொண்டு தேடுவது

இரவு நிமிர்ந்து நின்ற வாகனம் விடியும்போது முன் இடப்பக்கம் மண்டியிட்டுக் கிடக்கிறது. எஞ்சினை இயக்கினால் கொம்பிரசர் உறுமுகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் வண்டி எழும்பிவிடுகிறது. எழும்பியவுடன் பெரும்பாலானோர் மறந்துவிடுவார்கள். சில மாதம் கழித்து மஞ்சள் விளக்கு எரியும்போதுதான் கேள்வி வரும்: கராச்சுக்குக் கொண்டுபோய் ஸ்கேனர் மாட்டுவதா, அல்லது வீட்டு முற்றத்திலேயே அளவு நாடாவும் சவர்க்கார நீரும் வைத்துக்கொண்டு ஓர் இரவு பொறுப்பதா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நாடா, அடுத்து நுரை, கடைசியில் ஸ்கேனர். யாழ்ப்பாணத்தில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

ஒரு சொல் விளக்கம். இங்கே காற்றுப்பை என்பது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் ரப்பர் பை. விபத்தில் விரியும் எயார்பாக் வேறு. பிராடோவின் சில தரங்களில் இது பின் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இருக்கும். ரேஞ்ச் ரோவர், பென்ஸ் எஸ் கிளாஸ் போன்றவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு.

செலவு, நேரம் இரண்டையும் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நாடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன, ஆனால் ஓர் இரவு போகும். ஸ்கேனர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லும், ஆனால் எந்த ஸ்கேனர் என்பது முக்கியம். மலிவான நீல நிற ப்ளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சின் கோட்களை, அதாவது எஞ்சின் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுகளை, மட்டுமே வாசிக்கும். சஸ்பென்சன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேச ரொயோட்டாவுக்கு ரெக்ஸ்ட்ரீம், ஆடிக்கு விசிடிஎஸ், பென்ஸுக்கு சென்ட்ரி என்று அந்தந்த வகைக்குரிய கருவியோ, அந்த ஆழத்துக்குப் போகும் பொதுக் கருவியோ வேண்டும். சின்னக் கருவியை மாட்டிவிட்டு "கோட் ஒன்றும் இல்லை, எல்லாம் சரி" என்று சொல்லப்பட்டால், சஸ்பென்சனை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாடாவும் நுரையும்

சமதரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயர் காற்றும் கணக்கில் சேர்ந்து குழப்பும். பிறகு சஸ்பென்சனின் பியூஸையோ றிலேயையோ கழற்றுங்கள். இதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். சில லாண்ட் ரோவர் வகைகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி இரவில் தானாக விழித்து, ஒரு மூலை தாழ்ந்திருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் நான்கும் ஒன்றாகத் தாழ்ந்திருக்கும். எந்தப் பை கசிந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது.

பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதே இடங்களில் அளந்து பாருங்கள். நான்கிலும் சமமாக 7, 8 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் பதற வேண்டாம். பகல் வெயிலில் ஓடிய வண்டியின் பைக்குள் காற்று 40 பாகை அளவில் இருந்து, விடியற்காலையில் 26க்கு வந்தால், அதன் கனவளவு 4 வீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். அந்த இறக்கம் குளிரால் வந்தது. ஒரு மூலை மட்டும் 15 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் அது கசிவு. இது வேலைக்கான கைக்கணக்குத்தான், தயாரிப்பாளரின் அளவு அல்ல.

இறங்கிய விதமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். ஒரு மூலை மட்டும் என்றால் அந்தப் பை, அதற்குப் போகும் குழாய், அல்லது அது வந்து சேரும் வால்வு. ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால், பைகளுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வுப் பெட்டியைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் சிறிதும் இறங்காமல், எஞ்சினை இயக்கிய பிறகு ஒரு மூலை தாழ்ந்தோ அளவுக்கு மீறி உயர்ந்தோ போனால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வண்டியின் உயரத்தை அளந்து சொல்லும் உயர சென்சரையோ அதன் இணைப்புத் தண்டையோ பாருங்கள்.

அடுத்தது நுரை. இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினநீர். கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்தால் நுரைக்காது, வெள்ளைக் கசடுதான் மிதக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை எடுங்கள். தண்ணீர் மழைநீராகவோ போத்தல் தண்ணீராகவோ இருக்கட்டும். ஒரு பங்கு திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் போதும். தெளிப்பானால் பீய்ச்சி அடிக்காமல் தூரிகையால் மெதுவாகப் பூசிவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் காத்திருங்கள். இரவோடு வண்டியை இறக்கும் கசிவு உஸ் என்று சத்தம் போடாது. முட்டை வெள்ளைக்கரு அடித்ததுபோல் மெல்லிய வெண்ணுரை மெதுவாகத் திரளும்.

பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது, பை கீழே மடங்கி உருளும் மடிப்பு. வெடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்புக்குள் மறைந்திருக்கும். வழக்கமான உயரத்தில் ஒரு முறை, உச்ச உயரத்தில் ஒரு முறை என்று இரண்டு நிலையிலும் பூசிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு நிலையில் வாய்திறக்கும் வெடிப்பு மற்றதில் மூடிக்கொள்ளும். சோழகக் காலத்தில் மணலும் செம்மண் புழுதியும் இந்த மடிப்புக்குள் புகுந்து ரப்பரை அரைக்கும். மெல்லிய தண்ணீர் ஓட்டத்தால் கழுவிவிடுவது நல்லது. கிறீஸ், டீசல், பெற்றோல் எதையும் ரப்பரில் படவிடக்கூடாது. இரண்டாவது, குழாய் பைக்குள் நுழையும் இணைப்பு. மூன்றாவது, சக்கர வளைவில் குழாய் உரசும் இடங்கள். எலி கடித்த தடமும் இங்கேதான் அகப்படும். நான்காவது, கொம்பிரசரின் வெளியேற்றுக் குழாய். அதன் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். வண்டி அணைந்திருக்கும்போதும் குமிழி வந்தால், வால்வுகளில் ஏதோ ஒன்று இறுக மூடவில்லை. பஞ்சர் ஒட்டுபவர் ரியூப்பைத் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்கும் அதே வித்தைதான்.

பையா வால்வுப் பெட்டியா என்று இன்னும் தெரியாவிட்டால், பையின் குழாயை வால்வுப் பெட்டியிலிருந்து பிரித்து, அதன் நுனியில் சாதாரண ரயர் வால்வு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். இறங்கினால் பையோ குழாயோ. இறங்காவிட்டால் வால்வுப் பெட்டி. பிரிக்கும்போது காற்று முழுவதும் வெளியேறி வண்டி திடீரென்று இறங்கும் என்பதால், சேஸியின் கீழ் ஸ்டாண்ட் வைத்த பிறகே கை வையுங்கள். குழாய் பெரும்பாலும் 4 அல்லது 6 மில்லிமீற்றர் வெளிவிட்டம் கொண்டது. இணைப்புக்கு வீட்டுக் குடிநீர் வடிகட்டியின் கால் அங்குல யூனியனைப் பயன்படுத்த வேண்டாம். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர்; 6 மில்லிமீற்றர் குழாயை அது இறுகப் பிடிக்காது. யூனியனே கசியும், பழி பையின் மேல் விழும்.

ஏன் இந்த வரிசை

எல்லாவற்றையும்விட என்னைச் சாயவைக்கும் காரணம் ஒன்றே. ஸ்கேனர் காட்டும் கோட் பெரும்பாலும் பழுதின் விளைவு. பழுது எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

லாண்ட் ரோவர் வண்டிகளில் அடிக்கடி வரும் சி1ஏ20 என்ற கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றைச் சேமித்து வைக்கும் தாங்கி நிரம்பும்போது அழுத்தம் போதிய வேகத்தில் ஏறவில்லை என்பது அதன் பொருள். இதைப் பார்த்தவுடன் "கொம்பிரசர் போய்விட்டது" என்று தீர்ப்பு வந்துவிடும். கொம்பிரசர் தேய்ந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அது ஏன் தேய்ந்தது?

ஒரு பை கசிந்தால் கொம்பிரசர் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் வண்டியைத் தூக்க வேண்டும். அது தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கொஞ்ச நேரம் ஓடி, ஆறி, மறுபடி ஓடுவதற்குத்தான். அளவுக்கு மீறி ஓடினால் சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும், அழுத்தம் மெதுவாக ஏறும், கோட் விழும். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாதது உலர்த்தி. கொம்பிரசரோடு ஒட்டியிருக்கும் சிறு குடுவைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. வண்டி மேலேறும்போது உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அவை பிடித்துக்கொள்ளும். வண்டி முறையாக இறங்கும்போது பைகளின் உலர்ந்த காற்று அதே மணிகளின் ஊடாகத் திரும்பி வெளியேறி, பிடித்துவைத்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். உலர்த்தி இப்படித்தான் தன்னைத் தானே காயவைத்துக்கொள்கிறது. பை கசியும்போது காற்று இந்த வழியால் திரும்புவதில்லை, ரப்பர் வெடிப்பால் போய்விடுகிறது. உள்ளே ஈரம் வந்துகொண்டே இருக்கும், வெளியேறாது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குடாநாட்டின் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மணிகள் ஊறி, உடைந்து, வெள்ளைத் தூளாகி வால்வுப் பெட்டிக்குப் போகும். வால்வுகள் இறுக மூடாது, கசிவு இரண்டாகும்.

இந்த நிலையில் புதுக் கொம்பிரசர் மாட்டினால் கோட் அழியும், விளக்கு அணையும், வண்டி விரைவாக எழும்பும். வேலை முடிந்ததுபோல் இருக்கும். கசியும் பை மட்டும் அப்படியே இருக்கும், புதுக் கொம்பிரசரும் பழையது போன வழியே போகும். இணைப்பை அடைக்கும் சிறு ரப்பர் வளையமான ஓ-வளையம் ஒன்றோடு முடிந்திருக்கக்கூடிய செலவு இரண்டு கொம்பிரசராக வளர்வது இப்படித்தான். கொம்பிரசரை மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால் றிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். முனை ஒட்டிக்கொண்ட பழைய றிலே, கொம்பிரசரை நிற்கவிடாமல் ஓட்டி எரித்துவிடும். வால்வுப் பெட்டியில் வெள்ளைத் தூள் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பழைய பை எடுப்பிக்கும் யோசனைக்கும் இதே தர்க்கம்தான். ரப்பருக்கு ஓடிய கிலோமீற்றரைவிட வயதுதான் பகை. பையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் திகதியைக் கேட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பத்து வருடத்தை நெருங்கிய பை இன்று கசியவில்லை என்பதற்காக நல்ல பை ஆகிவிடாது.

ஸ்கேனர் வெல்லும் இடங்கள்

ஸ்கேனரைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. மின்பழுதை நுரை காட்டாது. பண்ணைப் பாலத்தால் தினம் தீவகத்துக்குப் போய்வரும் வண்டிகளில் உயர சென்சர் பிளக்கின் முனைகள் உப்புப் பிடித்துப் பச்சையாவதும், இணைப்புத் தண்டின் குண்டுமூட்டு இறுகுவதும் எதிர்பார்க்கக்கூடியவை. நான்கு சென்சர்களின் அளவையும் திரையில் ஒன்றாகப் பார்த்தபடி வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினால், ஒன்று மட்டும் குதிப்பதோ அசையாமல் நிற்பதோ உடனே தெரியும். வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பதற்கும், பை கழற்றுமுன் காற்றை முறையாக இறக்குவதற்கும், சென்சர் மாற்றியபின் உயரத்தைத் திரும்பப் பதிவதற்கும் வேறு நல்ல வழி இல்லை.

ஆனால் ஸ்கேனர் மாட்டுமுன் ஒரு மல்ரிமீற்றர் வையுங்கள். பற்றரி ஆறியிருக்கும்போது 12.6 வோல்ற் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8க்கு மேலும் காட்டவேண்டும். கொம்பிரசர் ஓடும்போது பற்றரிக்கும் கொம்பிரசர் பிளக்குக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால், வயரிலோ ஏர்த்திலோ துரு இருக்கிறது. பலவீனமான பற்றரி இருக்கும்போது விழும் கோட்கள் பலவற்றை நம்ப முடியாது.

இரண்டு மூன்று அறைகள் கொண்ட புதுவகைக் காற்றுப்பைகளில் மேலே சொன்ன சாய்வை இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். அறைகளுக்கு இடையிலான வால்வு உள்ளுக்குள் கசிந்தால் வெளியே பூசும் நுரைக்கு ஒன்றும் தெரியாது. அங்கே ஸ்கேனர் முதலில் வரலாம்.

கொழும்புக்கு ஓடும் சொகுசு பஸ்களில் நிலைமை இன்னும் எளிது. உயரத்தைச் சமப்படுத்தும் பொறிமுறை லெவலிங் வால்வும் அதன் தண்டும் இருக்கும் பஸ்ஸில் ஸ்கேனருக்கு அநேகமாக வேலையே இல்லை. காற்றுத் தாங்கியின் அடி வடிகாலைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலையாக இருக்கவேண்டும்.

காற்றுப்பையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடும் பேச்சு எப்போதும் இருக்கிறது. வண்டியை நீண்டகாலம் வைத்திருக்கப் போகிறவருக்கு அது ஒரு தெரிவுதான். ஆனால் உயரம் மாற்றும் வசதி போய்விடும், கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றாவிட்டால் விளக்கு எரிந்தபடி இருக்கும், விற்கும்போது வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். பழுது எது என்று தெரியுமுன் அந்த முடிவுக்குப் போகவேண்டாம்.

எந்த வழியால் பழுதைப் பிடித்துத் திருத்தினாலும், ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவேண்டாம். ஜக் வைக்குமுன் சஸ்பென்சனின் தானியக்கத்தை நிறுத்திவிடுங்கள். திருத்திய அன்றிரவு அதே நாடாவால் மறுபடி அளந்து, பியூஸைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். காலையில் வரும் நான்கு எண்களையும் முதல் இரவின் எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு கராச்சின் பில்லைக் கட்டலாம்.