டாக்டரைப் பார்த்தாலே ஏறும் பி.பி.: கிளினிக்கா, வீட்டு மெஷினா, 24 மணி நேரக் கருவியா?

கையில் பட்டையைச் சுற்றும்போதே நெஞ்சு படபடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த ரகம்தான். டாக்டர் அறையில் 150ஐத் தாண்டும், வீட்டில் 130க்குக் கீழே நிற்கும். நான் தேர்ந்தெடுத்தது வீட்டு மெஷின், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

கிளினிக்கில் ஏறுவது நம் மனப்பிரமை இல்லை. 1983இல் இத்தாலியின் மிலான் நகரில் மான்சியா என்ற மருத்துவரின் குழுவினர், ரத்தக்குழாய்க்குள்ளேயே அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருக்கும்போது டாக்டரை அறைக்குள் வரச் சொல்லிப் பார்த்தார்கள். வந்த சில நிமிடங்களிலேயே மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 ஏறியது. 1987இல் அதே குழு நர்ஸையும் வைத்துப் பார்த்தபோது, நர்ஸ் பார்த்தால் ஏற்றம் டாக்டர் பார்ப்பதில் ஏறக்குறைய பாதி அளவுதான். அதனால் கிளினிக்கில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, நர்ஸையே பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை.

ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிக்கொண்டே இருக்கும் 24 மணி நேரக் கருவி துல்லியத்தில் முதலிடம், அதில் வாதமே இல்லை. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை தானே பார்த்துக்கொள்ளும், தூக்கத்தில் இருக்கும் அளவும் கிடைக்கும். நான் கட்டிக்கொண்டதில்லை. கட்டிக்கொண்ட உறவினர் ஒருவர், ராத்திரி பட்டை இறுகும்போதெல்லாம் விழிப்பு வந்ததாகச் சொன்னார். எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பி.பி. பார்க்கிறார்கள், படபடப்பு அதில் குறையுமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இப்போது வீட்டு மெஷின். நிறையப் பேர் இதன் வசதியைத்தான் சொல்வார்கள், எனக்கு அது இரண்டாம்பட்சம். என்னை மாற்றியது சராசரி. கிளினிக்கில் ஒரே ஒரு எண், அது பரீட்சை ரிசல்ட் மாதிரி வந்து விழும், அந்த பயமே எண்ணை ஏற்றிவிடும். வீட்டிலோ ஏழு நாள், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை பார்த்து எழுதி, முதல் நாளை அப்படியே விட்டுவிட்டு, மீதி 24 அளவுகளின் சராசரியை எடுக்கச் சொல்கிறார்கள். படபடப்பு அதிகமாக இருக்கும் முதல் நாள் கணக்கிலேயே சேராது! நடுவில் ஒரு நாள் 148 வந்தாலும் அது இருபத்து நான்கில் ஒன்று. எந்த ஒரு எண்ணுக்கும் தனியாக நம்மை மிரட்டும் பலம் இல்லை என்று மனசுக்குப் புரிந்த பிறகுதான் எனக்குப் பட்டை கட்டும்போது கை இறுகுவது நின்றது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கிளினிக்கில் எல்லைக்கோடு 140/90, வீட்டுச் சராசரிக்கு 135/85.

இதற்கும் கட்டுப்பாடு வேண்டும். நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கக் கூடாது. இரண்டு முறை, இரண்டையும் எழுது, மெஷினை அலமாரியில் வை, அவ்வளவுதான். காபி, சிகரெட் என்றால் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

வாங்கும்போது மேல்கையில் கட்டும் வகையே வாங்குங்கள். மணிக்கட்டு மெஷினில் கை இதயத்தின் உயரத்தில் இல்லாவிட்டால் அளவு மாறும். அப்புறம் மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போங்கள், பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் பி.பி.யை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வாங்கியதும் ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப் போய் அவர் அளவோடு ஒத்துப்பாருங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் தப்பாகக் காட்டலாம், அவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது.

வீட்டில் சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் மட்டும் ஏறுகிறவர்களுக்குப் பின்னாளில் நிஜமான ரத்தக் கொதிப்பு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் சராசரியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கட்டுப்பாடாகப் பார்த்தும் வீட்டிலேயே பயம் கூடிக்கொண்டு போகிறதா? அப்படியானால் மெஷினை ஒதுக்கிவிட்டு 24 மணி நேரக் கருவிக்குப் போவதுதான் உங்களுக்குச் சரி, ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை.