மெடிக்கல் காலேஜ் லிஸ்ட் போட்டுத் தருகிறோம் என்று 45,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: நீட் எழுதிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனத்துக்கு

45,000 ரூபாய். ஒரு பவுன் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் கேட்பது என்று லிஸ்ட் போட்டுத் தருவதாகச் சொன்ன கன்சல்டன்சிக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு, வேறு யாரோ ஒரு பிள்ளைக்குப் போட்ட பழைய லிஸ்ட்டில் என் மகளின் பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. இந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கவுன்சிலிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் எத்தனை பேர் அந்தக் கன்சல்டன்சி படி ஏறிக்கொண்டிருக்கிறார்களோ. நடந்ததை அப்படியே சொல்கிறேன், லிஸ்ட்டை நாமே எப்படிப் போடுவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் மெடிக்கல் அட்மிஷன் கன்சல்டன்சி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடங்கள் இப்போது எல்லா ஊரிலும் முளைத்திருக்கின்றன.

நாங்கள் தக்கலைப் பக்கம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் இந்த வருஷம் நீட் எழுதினாள். வந்த மார்க் எல்லைக்கோட்டில் நிற்கிற மார்க். அரசுக் கல்லூரி கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு லிஸ்ட் எப்படி இருந்தாலும் சீட் உண்டு. இப்படி நடுவில் மாட்டிய பிள்ளைக்குத்தான் எந்தக் கல்லூரியை எங்கே போடுகிறோம் என்பது தலைவிதி மாதிரி. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு டெல்லியில் ஒரு கவுன்சிலிங், மாநிலத்தின் 85 சதவீதத்துக்குச் சென்னையில் ஒரு கவுன்சிலிங், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் டெல்லியில்தான், ஆனால் வேறு கட்டணம், வேறு டெபாசிட். இதையெல்லாம் படித்துப் பார்த்துச் செய்ய ஆள் வேண்டும் என்றுதான் போனோம்.

அந்த மனிதர் என்னை விட்டுவிட்டு நேராக மகளிடம் பேசினார். "மக்களே, நீ எந்த ஆஸ்பத்திரியில பிறந்த?" என்று கேட்டார். ஆசாரிபள்ளம் என்றாள். நம்ம மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அது. "அப்போ அங்கயே டாக்டராப் போவோம், சரியா?" என்று சிரித்தார். மகள் முகத்தில் ரிசல்ட் வந்த நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். கனவு, கிட்டத்தில், உறுதி என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதினார். முதல் கட்டத்தில் அவள் கண் முன்னாலேயே ஆசாரிபள்ளம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். "அக்கா, உங்க பிள்ளையோட ரேங்க், சாதிச் சான்றிதழ், உங்களால கட்ட முடியிற பணம், எல்லாத்தையும் வச்சு நானே உக்காந்து லிஸ்ட் போடுவேன். இது இனி என் பொறுப்பு." இதைச் சொன்ன மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது?

45,000 கேட்டார். 25,000 ஜிபேயில், மீதி 20,000 ரொக்கமாக, "முழுசும் அக்கவுண்ட்ல போட்டா ஜிஎஸ்டி வரும் அக்கா" என்று. ரசீது 25,000-க்கு மட்டும்.

அதற்கு அப்புறம் ஒரு போன் கிடையாது. நாங்கள் கூப்பிட்டால் ரிசப்ஷன் பிள்ளை, "சார் உங்க ஃபைலதான் பாத்துட்டு இருக்காங்க" என்று சொல்லும். லிஸ்ட்டை ஆன்லைனில் பதிந்து முடிக்க, அதாவது சாய்ஸ் லாக் பண்ண வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, நாங்கள் படுக்கப்போகிற நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. "இதே ஆர்டர்ல போட்டு லாக் பண்ணுங்க" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

என் நாத்தனார் மகன் திருநெல்வேலியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறான். அனுப்பிப் பார்ப்போம் என்று அவனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அத்தை, இதுல தென்காசி அரசு மருத்துவக் கல்லூரின்னு போட்டிருக்கே, அப்படி ஒரு கல்லூரியே கிடையாது." 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல் எல்லாம் அதில் வந்தவை. தென்காசி அதில் இல்லை. இல்லாத கல்லூரியை "உறுதி" கட்டத்தில் வைத்திருக்கிறார்கள்!

அதே கட்டத்தில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. களியக்காவிளை தாண்டினால் எட்டிவிடுகிற தூரம்தான், நம்ம ஆட்கள் வைத்தியத்துக்கு அங்கே போகிறவர்கள்தான். ஆனால் சீட் வேறு விஷயம். அங்கே மாநில ஒதுக்கீடு கேரளப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளை போக வேண்டுமென்றால் அந்த 15 சதவீதத்துக்குள் நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளோடு மோத வேண்டும். எல்லைக்கோட்டு மார்க் வாங்கிய பிள்ளைக்கு அதை உறுதி என்று எழுத எப்படி மனசு வந்தது?

ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் கட்ஆஃப் என்று ஒரு மார்க் போட்டிருந்தது. அது 2024-ம் வருஷத்து மார்க். 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர். 2025-ல் நாட்டிலேயே முதல் மார்க் 686. கேள்வித்தாள் அவ்வளவு கஷ்டம். 2024 மார்க்கை 2025-ல் எழுதிய பிள்ளைக்கு வைத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? ரேங்க்கைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வேறு ஒரு பையனின் பெயரும், ஓசி என்றும் இருந்தது. நாங்கள் பிசி.

அதை விடப் பெரிய அநியாயம் அகில இந்திய லிஸ்ட்டின் தலையில் இருந்தது. முதல் வரிசை முழுக்க நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், பல இடங்களில் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டணம். அதற்குப் பதிவு செய்ய 2 லட்சம் டெபாசிட் கட்டச் சொல்லி, "திரும்பக் கிடைச்சிரும்" என்றார்கள். இரண்டாம் ரவுண்டில் சீட் ஒதுக்கி நாம் சேராவிட்டால் அந்த டெபாசிட் போய்விடும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. எங்களால் கட்ட முடிகிற பணம் எவ்வளவு என்று அவர் கையாலேயே எழுதி வாங்கியிருந்தார். அப்படியிருந்தும் இந்த வரிசை. சேர்த்துவிட்டால் அங்கிருந்து கமிஷன் வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. 2 லட்சம் கட்டாமல் தப்பித்தது என் நாத்தனார் மகனால்தான். ராத்திரி முழுக்க அவன் போனில் இருந்து, மகளோடு சேர்ந்து புது லிஸ்ட் போட்டுக் கொடுத்தான்.

மறுநாளே நேரில் போனேன். "சார் பெங்களூர் போயிருக்காங்க." அப்புறம் போனால், "மீட்டிங்ல இருக்காங்க." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சட்டை தெரிகிறது, பேசுகிற சத்தம் கேட்கிறது. ஒரு வழியாக வெளியே வந்தவர் நின்றுகொண்டே, "லிஸ்ட் கொடுத்தாச்சே அக்கா, சர்வீஸ் முடிஞ்சுது" என்றார். தென்காசியைக் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக்." 45,000-ஐத் திருப்பிக் கேட்டேன். "ரசீதுல 25,000தானே இருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற மகளைக் காட்டி, "பிள்ளைக்கு மார்க் பத்தல, அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்றும் சொன்னார். அன்றைக்கு மக்களே என்று கூப்பிட்ட அதே வாய். அவள் பஸ்ஸில் வீடு வரைக்கும் பேசவில்லை. பணம் போனதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன், இதை மறக்க மாட்டேன். ராத்திரி பார்த்தால் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து எங்களை நீக்கியிருக்கிறார்கள்.

லிஸ்ட் போடுவதை விவரமாகச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ரவுண்டுக்குச் சான்றிதழ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதை கவுன்சிலிங் நடத்தும் டெல்லி கமிட்டியும் (எம்சிசி) சென்னை தேர்வுக் குழுவும் ரவுண்ட் வாரியாக இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். அதில் உங்கள் பிரிவைப் பாருங்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், பிள்ளைக்குப் பிடித்த வரிசையில் போடுங்கள், மேலே பெரிய கல்லூரியைப் போட்டதால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. கட்ட முடியாத கல்லூரியை மட்டும் போடாதீர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓபிசி சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் தனியாக வேண்டும், அதை இப்போதே தாலுகா ஆபீஸில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

ரொக்கம் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஜிபே விவரம், பிடிஎஃப், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நான் நாகர்கோவிலில் மனு கொடுக்கப் போகிறேன், 25,000-க்கு இல்லை, 45,000-க்கு. இதே மாதிரி ரொக்கம் கொடுத்து ஏமாந்தவர்கள் நம்ம மாவட்டத்தில் இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.