இடிபட்ட காரை எந்தக் கராஜில் விடுவது? கொழும்பின் மூன்று வாசல்கள்

பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த என் வேகன் ஆரின் பின்னால் ஒரு வான் வந்து முட்டியது. பெரிய அடியில்லை. பின் பஃபர் உள்ளே போயிருந்தது, டிக்கிக் கதவு மூட மறுத்தது, அவ்வளவுதான். காப்புறுதிக் கம்பனிக்கு அழைத்தேன். முக்கால் மணித்தியாலத்தில், சேதத்தை மதிப்பிடும் அசெசர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், போனில் ஏதோ தட்டினார், பிறகு கேட்டார்: "எங்க செய்யப் போறீங்க? ஏஜன்டா, எங்கட லிஸ்டில இருக்கிற கராஜா, இல்லாட்டி உங்கட ஆளா?"

பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க, வெயிலில் நின்றபடி, "உங்கட கராஜே சரி" என்று சொல்லிவிட்டேன். அது தப்பான பதில் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டதில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு மச்சானின் டொயோட்டா அக்வா, வெல்லம்பிட்டியில் ஒரு நானாவின் (முஸ்லிம் அண்ணர் ஒருவரின்) சொந்தக் கராஜுக்குப் போனது. அலுவலக நண்பரின் ஹொண்டா வெசல், அந்தக் கார்க் கம்பனியின் அதிகாரபூர்வ முகவரான ஏஜன்டின் வேர்க்‌ஷொப்புக்குப் போனது. மூன்று வாசலிலும் ஏறி இறங்கியவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் எஸ்டிமேட்டை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் காரைக் கழற்றிய பிறகு வருகிறது. பஃபர் பிளாஸ்டிக், அடி வாங்கினால் உள்ளே போய், பாதி தானாகவே வெளியே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் ஸ்பொஞ்ச், அதற்குப் பின்னால் இரும்புச் சட்டம், பிறகு பின் பெனல், தளம், சேஸியின் நுனி. ரோட்டில் அசெசர் பார்ப்பது பிளாஸ்டிக்கை. உள்ளே நெளிந்தது கராஜில்தான் தெரியவரும். அதற்கு இரண்டாவது எஸ்டிமேட் போட வேண்டும். கம்பனியின் ஆள் மறுபடி வந்து பார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்கு முன் கை வைத்துவிட்டால், "நாங்கள் பார்க்கவில்லையே" என்று அந்தத் தொகையை மறுக்க அவர்களுக்கு வழியிருக்கிறது. ஆகவே ஒரு கராஜை நான் இப்போது எடைபோடுவது ஒரே கேள்வியால்: அந்த இரண்டாவது எஸ்டிமேட்டை யார், யாருடைய நன்மைக்காகப் போடுகிறார்கள்?

கம்பனியின் பட்டியல் கராஜ்

சுகம் என்றால் இதுதான் சுகம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். படிவம், எஸ்டிமேட், அனுமதி எல்லாம் அவர்களே பார்த்தார்கள். பில் நேராகக் கம்பனிக்குப் போனது. கையிலிருந்து நான் கட்டியது, பொலிசிப்படி நம் பங்காக வரும் எக்ஸஸ் தொகையும், பழைய வாகனத்துக்குப் புதுப் பாகம் போடும்போது உரிமையாளர் தலையில் வரும் பங்கும் மட்டும். அவசரத்துக்கு ஒரு இலட்சம் புரட்ட முடியாதவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கராஜுக்கு வாடிக்கையாளர் நானில்லை. மாதாமாதம் கார்களை அனுப்பிவைக்கும் கம்பனிதான் அவர்களுக்கு வாடிக்கையாளர். நான் ஒருமுறை வந்து போகிறவன். இதில் யாரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. காசு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். என் காரில் உள்ளே வளைந்த இரும்புச் சட்டத்தை மாற்றவில்லை, தட்டி நிமிர்த்திப் போட்டார்கள். இரண்டாவது எஸ்டிமேட் என்று ஒன்று போடப்படவே இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் டிக்கிக்குள் தண்ணீர் நின்றது. இரண்டு தரம் திரும்பக் கொண்டுபோய் ரப்பரை மாற்றி, கதவின் பிணைச்சலை அசைத்து ஒருவழியாகச் சரி செய்தார்கள்.

குற்றத்தில் பாதி என்னுடையது. அனுமதித் தாளை நான் கேட்டு வாங்கவில்லை. அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே "ரிப்பெயார்" அல்லது "ரிப்ளேஸ்" என்று எழுதியிருக்கும். மாற்றுவது என்றால் புதுசா, பாவித்த ரீகண்டிஷனா, வேறு கம்பனியின் பிரதியா என்பதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வேலை தொடங்க முன் அந்தத் தாளை வாங்கிப் படித்தால், பட்டியல் கராஜின் குறைகளில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகும்.

வெல்லம்பிட்டி நானா

மச்சானின் அக்வாவுக்கு பொரளையில் இடப்பக்கம் முழுக்க அடி: முன் மட்கார்ட், முன் கதவு, பின் கதவில் கொஞ்சம். நானா காரைச் சுற்றி நடந்து, கதவிடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கழட்டி வைச்சிட்டு கம்பனிக்குச் சொல்றேன். அவங்க வந்து பார்க்கும் வரைக்கும் ஒரு தகட்டையும் நிமிர்த்த மாட்டேன்." பட்டியல் கராஜில் எனக்குக் கிடைக்காதது இந்த ஒரு வசனம்தான். கழற்றிய பிறகு மட்கார்டுக்குப் பின்னால் உடைந்திருந்த பிளாஸ்டிக் மறைப்பு, வளைந்த பிரெக்கட் என்று நாலைந்து சாமான் பட்டியலில் ஏறின. கம்பனி பெரும்பாலானதை அனுமதித்தது.

கதவைப் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினோம். ஜப்பானில் வெட்டி வந்த காரின் கதவு, அதே வெள்ளை நிறத்தில் கிடைத்தது. பழசு, ஆனால் டொயோட்டாவே அடித்தது. பிரதிக் கதவைவிட இது இடுக்கில் ஒழுங்காக உட்காரும். தெல்கந்தவிலும் கேட்டுப்பார்க்கலாம், அங்கே விலை பேசப் பொறுமை வேண்டும். இப்படித் தேடி எடுக்கும் சுதந்திரம் மற்ற இரண்டு வாசலிலும் கிடைக்காது.

இங்கே கஷ்டம் கடதாசியில். பல கம்பனிகள் இப்படியான கராஜுக்கு நேராகக் காசு கொடுப்பதில்லை. முதலில் நாம் கட்டி, பிறகு பில்லைக் கொடுத்து வாங்க வேண்டும். கராஜின் பதிவு இலக்கம் உள்ள பில், சாமான் வாங்கிய பில், மாற்றிய பழைய பாகங்கள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். பழைய பஃபரை நானாவின் பையன் வாசலில் போட, அது பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறிவிட்டால், கம்பனி அதன் பெறுமதியைக் கழித்துக்கொள்ளலாம்.

பெயின்ட் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னக் கராஜ்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். அந்த அக்வாவின் முத்து வெள்ளைக்கு டொயோட்டாவின் நிற இலக்கம் 070. அது மூன்று படை: அடியில் வெள்ளை, மேலே முத்துத் தூள், அதன் மேலே கிளியர். நடுப் படையை ஒரு தரம் கூட அடித்தாலும் நிறம் மாறும். ஆகவே நல்ல பெயின்ட் பாஸ் (பெயின்ட் அடிக்கும் கைவினைஞர்) அடிபட்ட பெனலோடு நிறுத்தாமல், பக்கத்துக் கதவுக்கும் கொஞ்சம் கரைத்து விடுவார். அந்த வேலை எஸ்டிமேட்டில் தனி வரியாக இல்லையென்றால் கம்பனி அதற்குக் காசு தராது; காசு வராவிட்டால் பாஸும் செய்யமாட்டார். அடுத்தது ஈரம். கொழும்புக் காற்றில், அதுவும் மழை மாதங்களில், கொம்பிரெசரிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாத கராஜில் அடித்த பெயின்ட் சில மாதங்களில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் கொப்புளத்துக்குள் துரு பிடிக்க நேரமெடுக்காது. கதவு மூடிய பெயின்ட் அறை, அதாவது பூத் இல்லாமல், ரோட்டோரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பெயின்ட் அடிக்கும் இடம் என்றால், பாஸின் கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் திரும்பிவிடுவேன். நானாவிடம் பூத் இருந்தது. வாடகைக்கு எடுத்தது, பரவாயில்லை.

அக்வா மாதிரி ஹைபிரிட் என்றால் இன்னொன்று. பூத்தில் 60 பாகை அளவில் காய வைப்பார்கள். பெரிய பெற்றரிக்குச் சூடு ஆகாது; எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதற்குத் தயாரிப்பாளர் வரையறை இருக்கிறது. வெல்டிங் வைக்க முன் செம்மஞ்சள் வயர்களுக்குப் போகும் மின்சாரத்தை சேர்விஸ் பிளக்கைக் கழற்றித் துண்டிக்க வேண்டும். நானாவிடம் கேட்டேன். எங்கே இருக்கிறது என்று கையால் காட்டினார். தெரியாமல் முழித்திருந்தால் காரை அன்றே எடுத்திருப்போம்.

ஏஜன்ட்

நண்பரின் வெசலில் அடி முன்னால். ஹொண்டா சென்சிங் உள்ள வாகனம்: கண்ணாடிக்குப் பின்னால் கமரா, முன்பக்கத்தில் ரேடார். காற்றுப்பை ஒன்றும் வெடித்திருந்தது. இந்த நிலைமையில் யோசிக்க எதுவுமில்லை, ஏஜன்டேதான். கமராவும் ரேடாரும் மாற்றிப் பூட்டியதோடு முடிகிற வேலையில்லை. அவை பார்க்கும் கோணத்தை உரிய கருவியால் மறுபடி அமைக்க வேண்டும். கோணம் சற்றே பிசகினாலும் தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடிக்கும், தேவையான இடத்தில் பிடிக்காமலும் விடும். சேஸியை அளந்து இழுக்கும் மேசை, எந்தத் தூணைச் சூடாக்கக்கூடாது என்று சொல்லும் தயாரிப்பாளரின் கையேடு, செய்த வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் எல்லாம் அங்கே உண்டு. உறுதி கூடிய இரும்பில் செய்த நடுத் தூணை காஸ் நெருப்பு வைத்து நிமிர்த்தினால், பார்வைக்கு நேராகும், பலம் போய்விடும். அடுத்த விபத்தில்தான் அது தெரியவரும்.

இரண்டாவது எஸ்டிமேட் விஷயத்திலும் ஏஜன்டுக்கு நல்ல புள்ளி. ஒரு கிளிப்பையும் விடாமல் எழுதுவார்கள். அதுவே சில நேரம் வினையாகும். பழைய வாகனமொன்றுக்கு ஏஜன்டின் எஸ்டிமேட் ஏறிக்கொண்டே போய், திருத்துவது கட்டாது, டோட்டல் லொஸ் என்று கம்பனி முடிவெடுக்கக்கூடும். அதே கார் நானாவிடம் போயிருந்தால் ரோட்டில் ஓடும். லீசிங்கில் உள்ள கார் என்றால் டோட்டல் லொஸுக்குக் கிடைக்கும் காசில் முதல் உரிமை லீசிங் கம்பனிக்கு. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். ஏஜன்ட் பில்லின் அடியில் அது தனியாக நிற்கும். அனுமதித்த தொகை அதையும் சேர்த்ததா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

காசுக் கணக்கு

எந்த வாசலில் போனாலும் ஒரு பொறி பொதுவாகக் காத்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. கார்களின் விலையும் கூடவே ஏறியது, பலருடைய பொலிசியில் எழுதிய தொகை மட்டும் ஏறவில்லை. 60 இலட்சம் பெறுமதியான காரை 40 இலட்சத்துக்கு எழுதியிருந்தால், எழுதிய தொகை குறைந்த விகிதத்தில் க்ளெய்மையும் குறைக்கும் குறைகாப்புறுதி விதியுள்ள பொலிசியில் 6 இலட்சம் பில்லுக்குக் கிடைப்பது 4 இலட்சம்தான். அதே விதி 3 இலட்சம் பில்லிலும் மூன்றில் ஒன்றைத்தான் வெட்டும், ஆனால் அது ஒரு இலட்சம். பில் பெருக்கப் பெருக்க நம் கையிலிருந்து போவதும் பெருகும். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டது என்றாலும், பொலிசியில் உள்ள தொகையை இன்றைய விலையோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

அந்த இடத்திலேயே காசை வாங்கிக்கொண்டு கோவையை மூடுவதை நான்காவது வழி என்று சிலர் சொல்வார்கள். மட்கார்டில் ஒரு கீறல், கண்ணாடி மூடி உடைந்தது என்றால் சரி. அதற்கும் முன், க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு போய்விடுமே என்று கணக்குப் பார்த்தால், சொந்தக் காசில் செய்வதே இலாபமாக வரலாம். பஃபர் உள்ளே போன அடிக்கு ரோட்டில் நின்று காசு வாங்குவது, உள்ளே பார்க்காமல் தேங்காய் வாங்குவது மாதிரி.

என் தெரிவு இப்படி: தூண், சேஸி, காற்றுப்பை, கமரா இதில் ஒன்றில் அடியென்றால் ஏஜன்ட். வெளித் தகடும் பெயின்டும் மட்டுமென்றால் பூத் உள்ள நானா. கையில் காசில்லாத மாதம் என்றால் பட்டியல் கராஜ், அனுமதித் தாளோடு. ஒத்துவராவிட்டால் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, அதற்கும் மேலே, இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். எங்கே செய்தாலும் காரை மின்விளக்கின் கீழ் பொறுப்பெடுக்காதீர்கள். மாலை நாலு மணி வெயிலில் மறைன் டிரைவில் நிறுத்தி, பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தால் நிற வித்தியாசமும் இடுக்கின் கோணலும் தானாகத் தெரியும். வேலை திருப்தி என்ற தாளில் அதற்குப் பிறகு கையெழுத்து வைக்கலாம்.

நண்பரின் வெசல் இன்னும் ஏஜன்டின் முற்றத்தில்தான் நிற்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதாம், ரேடார் மட்டும் ஜப்பானிலிருந்து வர வேண்டுமாம். அவர் இப்போதைக்கு வெள்ளவத்தையில் ரயில் ஏறி கோட்டையில் இறங்குகிறார்.