வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தரும் ஆன்லைன் வகுப்பு: ஐந்துக்கு இரண்டரை

வகுப்பின் பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் பலதும் ஒரே அச்சில் வார்த்தவைதான். பிழைத்துக் கிடப்பதைத் தாண்டி மனித வாழ்க்கைக்கு ஏதாவது நோக்கம் உண்டா என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள், எனக்கும் ரொம்ப நாளாக அதே கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் சேர்ந்துவிட்டேன். முழுவதும் முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீடியோ, ஆடியோ எல்லாம் சுத்தம், ஆப் எங்கேயும் திணறவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் முதல் பாடத்திலேயே ஆரம்பிக்கிறது. எல்லா உயிருக்கும் இயற்கை கொடுத்த நோக்கம் பிழைத்திருப்பது, மனிதன் மட்டுமே அதைத் தாண்டுகிறான் என்கிறார் பாடம் எடுப்பவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1859-இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வில் யாரும் யாருக்கும் நோக்கம் எதையும் கொடுப்பதில்லை. உயிர்களுக்குள் வேறுபாடுகள் வருகின்றன, சூழலுக்குத் தோதானவை அதிக வாரிசுகளை விட்டுப்போகின்றன, மற்றவை தேய்ந்துபோகின்றன, அவ்வளவுதான் சங்கதி. பிழைத்தது விளைவு, குறிக்கோள் இல்லை. பசிபிக் சால்மன் மீன்களில் பெரும்பாலானவை பிறந்த ஆற்றைத் தேடி எதிர்நீச்சல் போட்டு வந்து, முட்டையிட்ட கையோடு செத்துப்போகின்றன; பிழைத்திருப்பதுதான் அவற்றுக்கு இட்ட வேலை என்றால் கடலிலேயே இருந்திருக்கலாமே!

அடுத்து, எதிர்பார்த்தபடியே, அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளை அடுக்கிய வரிசை, அதாவது 'மாஸ்லோவின் பிரமிடு', வந்துவிட்டது. அடித்தட்டில் சாப்பாடு, பாதுகாப்பு, உச்சியில் வாழ்வின் நோக்கம், கீழ்த்தட்டு நிரம்பினால்தான் மேலே ஏற முடியும் என்று அனிமேஷன் போட்டுக் காட்டுகிறார்கள். 1943-இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, அந்த வரிசை அவ்வளவு இறுக்கமானதில்லை என்று அதிலேயே அவர் சொல்லியும் வைத்திருக்கிறார். கீழ்த்தட்டு நிரம்பாமலேயே மேலே ஏறியதற்கு ஓர் உதாரணம்: இராக்கில் உள்ள ஷானிதார் குகையில் 1950-களில், நம்மோடு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று 'ஷானிதார் 1' என்று எண் கொடுக்கப்பட்ட ஆணுடையது. இடது கண் பக்கம் பலத்த அடி, வலது கையில் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் காயங்களோடு அவர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார், கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்காது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவர்களுக்கு எந்த அடித்தட்டு நிரம்பியிருந்தது?

காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டதும் கூட்டம் பிழைப்பதற்கான உத்திதான் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். இருக்கட்டுமே. ஒரு குணம் எதற்காக வந்தது என்பது வேறு, வந்தபிறகு அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு. எழுத்துக்கு வயது ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுதான், வாசிப்பதற்கென்றே தனியாக ஒரு மூளை பரிணமிக்க அந்தக் காலம் போதாது. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண வந்த திறமைகளை வைத்துக்கொண்டுதான் இந்த வரியை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மூலம் பிழைப்பாக இருந்தாலும் எல்லையும் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு வகுப்பில் தனிப் பாடமே வைத்திருக்கலாம், ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது நான்கு வட்டங்கள் வந்த இடத்தில். உங்களுக்குப் பிடித்தது, உங்களுக்கு நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, காசு கிடைப்பது, நான்கும் சந்திக்கும் புள்ளிதான் உங்கள் 'இகிகை' (வாழ்வதற்கான காரணம்), ஜப்பானியரின் பழம்பெரும் ஞானம் என்கிறார்கள். அந்தப் படம் ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா என்பவர் வரைந்தது. நடுவில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு இகிகை என்று போட்டது மார்க் வின் என்பவர், 2014-இல். ஜப்பானில் 1966-இலேயே இகிகை பற்றி ஒரு முழு நூல் எழுதியவர் மனநல மருத்துவர் மியேகோ காமியா. தீவு ஒன்றில் இருந்த தொழுநோய் இல்லத்தில், வெளியுலகத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் நடுவே அவர் வேலை பார்த்தார். காலையில் கண் விழிக்க ஒரு காரணம் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லாமல் போகிறது, ஏன் என்று அங்கேதான் யோசித்தார். அந்த நோயாளிகளிடம் போய் 'காசு கிடைப்பது' வட்டத்தை நிரப்பச் சொல்ல முடியுமா? வகுப்பில் அது கட்டாயக் கட்டம். காலியாக விட்டால் 'தொடர்க' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். நான் ஒரு புள்ளி வைத்துத் தாண்டிப் போனேன்.

விக்டர் ஃபிராங்கல் பெயரையும் ஒரு வீடியோவில் இழுத்தார்கள். நாஜி முகாம்களில் இருந்து உயிரோடு மீண்ட வியன்னா மருத்துவர் அவர், மனைவியையும் பெற்றோரையும் அங்கே பறிகொடுத்தவர். அர்த்தம் மூன்று வழியில் வரும் என்றார்: செய்யும் செயலில், அன்பு செலுத்துவதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதத்தில். வகுப்பு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் 'கேரியர்' என்று சுருக்கிவிட்டது. நோயில் படுத்திருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் ஒருவரை வருஷக்கணக்காகப் பராமரிப்பவர், இவர்களெல்லாம் இந்த வகுப்புக்குள் நுழையவே வழியில்லை.

இரண்டரை கொடுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு பயிற்சி. போன வாரம் செய்ததையெல்லாம் எழுதி, பிழைப்புக்குத் தேவையானதை அடித்துவிடச் சொன்னார்கள். மிச்சம் என்ன இருக்கப்போகிறது என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். யாரும் பார்க்காத பழைய போட்டோக்களுக்குப் பின்னால் பெயரும் வருஷமும் எழுதிவைத்தது, கோபத்தில் இருந்த நண்பனிடம் நான் பேசாமல் அவனைப் பேசவிட்டது, ஒரு கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று நடுராத்திரி வரை மோதிப்பார்த்தது. இதில் எதுவும் எனக்குச் சோறு போடாது, எதையும் விட்டுவிட மனசும் வராது. நோக்கம் உண்டா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று வகுப்பில் வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. அது ஒன்றாக இல்லை, பெரிதாக இல்லை, யாரும் எனக்கு ஒதுக்கித் தந்ததாகவும் தெரியவில்லை. மாறாக, கடைசித் திரையில் தங்க எழுத்தில் என் பெயர் போட்டு, என் நோக்கம் இதுதான் என்று ஒற்றை வரியும், அதைப் பகிர ஒரு பொத்தானும் வந்தன. அந்த வரியை ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

ஏற்கனவே மனசு உடைந்து, இருந்து என்ன பயன் என்கிற நிலையில் இருப்பவர்கள் இதை நம்பிப் போகாதீர்கள், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு அந்தப் பயிற்சியை மேலேயே சொல்லிவிட்டேன், பேனாவும் தாளும் போதும். அதையும் மீறிச் சேர்வதென்றால், சப்ஸ்கிரிப்ஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் டிக் ஒன்று பணம் கட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்.